ஊர் நடுவே ஒரு பத்திரிகை

சென்ற திங்கள் ஒரு மாலைப் பொழுதில் இளைஞர் ஒருவர் நம்மைக் காண வந்தார். கையில் ஒரு பள்ளிக் குறிப்பேடு. அதில், தாம் தொடங்கவிருக்கும் மாதத் தாளின் திட்டத்தைக் கோடிட்டு வரைந்து வைத்திருந்தார். நான்கு பக்கம். அவருடைய பேரூராட்சி எல்லைக்குள் நிகழ்வன மட்டுமே அதில் இடம்பெறும். எந்தத் தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்து எத்தனை நாளாயிற்று, சாக்கடைப் பணியின் ஒப்பந்தம் யாருக்கு என்ன தொகைக்குப் போயிற்று, நியாயவிலைக் கடை எத்தனை நாள் திறந்திருந்தது, யார் வீட்டுப் பெண் தேர்வில் முதலாக வந்தாள், எந்தப் பெரியவர் காலமானார் என்பனவே செய்திகள். எக்கட்சியையும் சார மாட்டார். எவரிடமும் நன்கொடை பெற மாட்டார். எத்தனை பிரதி அச்சிடலாம், ஆண்டுச் சந்தா என்ன வைக்கலாம், அச்சகத்தாருக்கு முன்பணம் எவ்வளவு தர நேரும் என்று மூன்று கேள்விகள் கேட்டார்.

நாம் நான்காவதாக ஒன்றைக் கேட்டோம். "தம்பி, சாக்கடை ஒப்பந்தத்தைப் பற்றி எழுதப் போகிறீர்கள். அந்த ஒப்பந்தக்காரர் உங்கள் தெருவிலேயே குடியிருப்பவர். அவர் வீட்டுத் திருமணத்துக்கு உங்கள் தாயார் போகவேண்டும். உங்கள் வீட்டுத் துக்கத்துக்கு அவர் வரவேண்டும். இதழ் வெளிவந்த மறுநாள் காலை தேநீர்க் கடையில் அவரும் நீங்களும் நேருக்கு நேர் நின்றால் என்ன செய்வீர்கள்?"

"உண்மையைத்தானே எழுதப் போகிறேன், ஐயா" என்றார் அவர்.

அவர் கூறியது சரியே. ஆயினும் அது கேள்விக்கு விடையாகாது. தலைநகரில் அமர்ந்துகொண்டு ஓர் அமைச்சரைச் சாடுவது ஒரு வகைத் துணிவு. அமைச்சர் அதைப் படிக்காமலே போகலாம். படித்தாலும் எழுதியவரை அவர் முகமறியார். சிற்றூரில் எழுதுபவனுக்கோ அந்த மறைவிடம் கிடையாது. அவன் எழுதும் ஒவ்வொரு பெயரும் ஒரு முகம்; பெரும்பாலும் உறவின் முகம். இதை நன்கு உணர்ந்தே ஓர் ஊரின் நடுவில் அரை நூற்றாண்டு வாரப் பத்திரிகை நடத்திய ஒரு கணவன் மனைவியின் வரலாற்றை அவருக்குச் சொன்னோம். வாசக நேயர்களுக்கும் அது பயன்படக் கூடும் என்பதால் இத்திங்கள் அதையே இங்கு எழுதுகிறோம்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், அதன் தென்கிழக்குக் கோடியில், அப்பலாச்சிய மலைத்தொடரின் மடிப்புகளுக்கிடையே லெட்சர் கவுண்டி என்றொரு பகுதி உண்டு. கவுண்டி என்பது ஏறத்தாழ நம் வட்டத்தைப் போன்றதொரு நிர்வாகப் பிரிவு. அதன் தலைமையிடம் ஒயிட்ஸ்பர்க் என்னும் சிற்றூர். செங்குத்தான மலைகள், இடுக்கான பள்ளத்தாக்குகள், ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஓர் ஓடை, ஓடையோரம் சில வீடுகள் என அமைந்த பூமி அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருப்புப் பாதை வந்தது. அதன் பின்னே நிலக்கரிச் சுரங்கங்கள் வந்தன. நிறுவனங்கள் தொழிலாளருக்கென வீடு, கடை, மருத்துவர் அனைத்தையும் தாமே அமைத்து, ஊர்களையே உண்டாக்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுரங்கங்களுள் இயந்திரங்கள் நுழைந்தபோது ஆட்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. 1950-இல் அக்கவுண்டியின் மக்கள் தொகை ஏறத்தாழ 39,000. 1970-இல் அது 23,000 அளவுக்கு இறங்கியிருந்தது. எஞ்சியோர் வட மாநிலத் தொழிற்சாலைகளை நாடிப் போய்விட்டனர்.

இவ்வூரில் 1907 முதல் 'மவுண்டன் ஈகிள்', அதாவது மலைக் கழுகு, என்றொரு வார இதழ் வெளிவந்துகொண்டிருந்தது. நட்புறவுள்ள, கட்சி சாராத வார இதழ் என்னும் பொருள்பட ஒரு வாசகம் அதன் தலைப்பில் இருக்கும். எவர் மனமும் நோகாமல் நடந்துவந்த பத்திரிகை. அதனை 1956-ஆம் ஆண்டில் டாம் கிஷ் என்பவரும் அவர் மனைவி பாட் கிஷ் என்பவரும் விலைக்கு வாங்கினர். டாம் அதே கவுண்டியில், ஒரு நிலக்கரி நிறுவனக் குடியிருப்பில் 1926-இல் பிறந்தவர். செய்தி நிறுவனமொன்றின் நிருபராக மாநிலத் தலைநகரில் பணியாற்றியவர். பாட் அம்மையார் லெக்சிங்டன் நகர நாளிதழில் நிருபராக இருந்தவர். இருவரும் நல்ல ஊதியத்தையும் நகர வாழ்வையும் விட்டு மலையூருக்குத் திரும்பினர். சிற்றூரில் சொந்தப் பத்திரிகை வைத்து அமைதியாக வாழலாம் என்ற இனிய கனவு அவர்களுக்கு இருந்திருக்கக் கூடும். பத்திரிகைத் தொழிலில் இருப்போர் பலருக்கும் இக்கனவு உண்டு.

தலைப்பிலிருந்த பழைய வாசகத்தை எடுத்துவிட்டு அவர்கள் புதிய வாசகம் ஒன்றை இட்டார்கள். தமிழில் அதனை 'வீறிடும்!' எனலாம். கழுகு கூவாது, வீறிடும் அல்லவா?

முதலில் அவர்கள் செய்த புரட்சி என்னவென்று எண்ணுகிறீர்கள்? கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். அவ்வளவே. கவுண்டியின் வரவு செலவைத் தீர்மானிக்கும் மன்றத்துக்கு அங்கே 'பிஸ்கல் கோர்ட்' என்று பெயர். பெயரில் கோர்ட் இருப்பினும் அது நீதிமன்றமன்று. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் கூடும் நிர்வாக மன்றமே. பள்ளிகளை நடத்துவதற்குத் தனியே ஒரு வாரியம் உண்டு. இவ்விரண்டின் கூட்டங்களிலும் நிருபர் ஒருவர் வந்தமர்ந்து, யார் என்ன பேசினார், எப்பணிக்கு எத்தனை டாலர் ஒதுக்கினார்கள் என்று குறித்துக்கொண்டு போய் அச்சிடுவது அதுவரை அவ்வூர் காணாத ஒன்று. உறுப்பினருக்கு அது தம் வீட்டு முற்றத்தில் அந்நியர் நுழைந்தது போலிருந்தது. நிருபருக்கு அனுமதியில்லை என்று கதவைச் சாத்தினார்கள்.

இங்கே ஒன்றை நாம் நேர்மையாகக் கூறவேண்டும். கதவைச் சாத்தியவர்கள் அனைவரும் களவாடியவர்கள் என்று நாம் எண்ணவில்லை. தாம் அரைகுறையாகப் பேசிய பேச்சு அப்படியே அச்சேறிவிடுமே என்ற கூச்சம் சிலருக்கு. தம் உறவினருக்கு வேலை கொடுத்தது வெளியே தெரிந்துவிடுமே என்ற அச்சம் வேறு சிலருக்கு. இன்னுஞ் சிலருக்கோ, ஊர் விவகாரத்தை ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்வதுதான் பண்பாடு என்ற உண்மையான நம்பிக்கை. நம் ஊர்களிலும் இம்மூவகையினரையும் காணலாம். மூன்றாம் வகையினரே எழுதுவோனுக்குக் கடினமான எதிரிகள். ஏனெனில் அவர்கள் நல்லவர்கள்.

சுரங்க வேலை குறைந்த ஊரில் மிகுதியான சம்பளப் பட்டியல் பள்ளி வாரியத்தினுடையது. ஆசிரியர், பேருந்து ஓட்டுநர், சமையற்காரர், துப்புரவாளர் என எல்லா வேலையும் வாரியத்தின் கையில். வாரியத்தைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதுமானால், அப்பத்திரிகையைக் கையில் வைத்திருப்பதே ஓர் ஆசிரியைக்கு இடராகலாம். கடைக்காரர்கள் விளம்பரத்தை நிறுத்தினார்கள். பெரிய நிறுவனங்களும் நிறுத்தின. ஒரு வார இதழுக்கு விளம்பரம் எதுவோ அதுவே சோறு. சந்தாவினால் தாள் விலைகூடத் தேறாது. கடைத்தெருவில் எதிர்ப்பட்ட பழைய நண்பர்கள் முகம் திருப்பிக்கொண்டு போனார்கள் என்பது அக்குடும்பம் நெடுங்காலம் சுமந்த நினைவு.

நேயர்களே, இந்தக் கடைசிச் செய்தியில் சற்று நில்லுங்கள். விளம்பரம் போனால் கடன் வாங்கலாம்; பக்கத்தைக் குறைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குப் பின் வாசலில் நின்று பேசுவோர் கூட்டம் நாம் அருகே வந்ததும் மெல்லக் கலைந்து போகுமானால், அதற்கு என்ன மாற்று உண்டு? பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் வீடு திரும்பி, "அப்பா, அவன் என்னோடு விளையாட மாட்டானாம்" என்றால் என்ன சொல்வது? பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றிய சொற்பொழிவுகளில் சிறைச்சாலையும் தணிக்கையும் வரும். இந்த வாசற்படி வருத்தம் வருவதில்லை. சிற்றூர்ப் பத்திரிகைகள் பல மௌனமானதற்குக் காரணம் தணிக்கையன்று, இந்த வருத்தமே என்பது நம் கருத்து.

கென்டக்கியில் பொது மன்றங்களின் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற சட்டம் 1974-இல் வந்தது. அரசு ஆவணங்களை எவரும் கேட்டுப் பார்க்கலாம் என்ற சட்டம் 1976-இல் வந்தது. அவற்றுக்காகக் குரல் கொடுத்தவர்களில் கிஷ் தம்பதியரும் உண்டு. பத்திரிகையை வாங்கிய நாள்தொட்டுக் கணக்கிட்டால் பதினெட்டு ஆண்டுகளும் இருபது ஆண்டுகளும் ஆகின்றன. நம் இளைஞர் இவ்வகையில் பேறு பெற்றவர். அவருக்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்தால், முப்பது நாளில் விடை தரவேண்டிய கடமை அலுவலருக்கு உண்டு. ஆயினும் விண்ணப்பத்தில் தம் பெயரையும் முகவரியையும் எழுதித்தான் ஆகவேண்டும். அலுவலரும் அதே ஊர்க்காரராக இருக்கலாம்.

நிற்க. பத்திரிகையின் மற்றொரு முகத்தை இப்போது காட்டவேண்டும். அதைக் காட்டாவிடில் இவ்வரலாறு வெறும் வீரக்கதையாகிவிடும். வீரக்கதைகளால் இளைஞர்களுக்கு நன்மையைவிடத் தீமையே மிகுதி.

மவுண்டன் ஈகிளின் உட்பக்கங்களில் அந்தந்தப் பள்ளத்தாக்கிலிருந்து பெண்கள் எழுதியனுப்பும் கடிதப் பகுதிகள் வாரந்தோறும் வெளிவந்தன. அவர்கள் நிருபர் பயிற்சி பெற்றவரல்லர்; குடும்பப் பெண்கள், பாட்டிமார். இன்னார் வீட்டுக்கு வடக்கேயிருந்து மகன் குடும்பத்தோடு வந்து இரண்டு நாள் தங்கிப் போனான், இன்னாருக்கு மூட்டுவலி, அவரை எல்லோரும் சென்று பாருங்கள், தோட்டத்தில் உறைபனி விழுந்து அவரை நாற்று கருகிப்போயிற்று, கல்லறைத் திடலைச் சனிக்கிழமை துப்புரவு செய்கிறோம் என்ற பாங்கில் அமைந்தவை. பெரும்பாலும் அவர்கள் எழுதிய நடையிலேயே, மலைப்பேச்சின் மணம் மாறாமல், ஆசிரியர் அவற்றை அச்சிட்டார். நகரத்துப் பத்திரிகையாளர் இதனைக் கண்டு நகைக்கலாம். ஆனால் டெட்ராய்டிலோ சின்சினாட்டியிலோ தொழிற்சாலை இரைச்சலுக்கிடையே வாழ்ந்த மலைக்காரன் தபாலில் வரும் பத்திரிகையை எதற்காகப் பிரித்திருப்பான்? பிஸ்கல் கோர்ட்டின் தீர்மானத்துக்காகவா? தன் ஓடையின் பெயர் அச்சில் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான்.

நிர்வாக மன்றத்தைச் சாடும் முதற் பக்கத்தையும், மூட்டுவலி கண்ட பாட்டியை விசாரிக்கும் ஐந்தாம் பக்கத்தையும் ஒரே கை கோத்தது. ஐந்தாம் பக்கம் இல்லாவிடில் முதற் பக்கத்தை ஊர் நம்பியிராது என்பது எம் எண்ணம். இவர்கள் நம்மைத் தூற்றுகிறார்கள் என்று சொன்னவர்களாலும் இவர்கள் நம்மை அறியாதவர்கள் என்று சொல்ல முடியாமற் போயிற்று. யாருடைய அவரை நாற்று கருகியது என்பது வரை அறிந்தவர்கள் ஆயிற்றே! இதன் மறுபுறமும் உண்மை. முதற் பக்கம் இல்லாமல் ஐந்தாம் பக்கம் மட்டுமே இருந்த பழைய பத்திரிகை ஊருக்கு இனித்தது; ஆனால் யாருக்கும் உதவவில்லை.

இனி நிலக்கரிக்கு வருவோம். அப்பகுதியில் ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் தரகர்கள் வீடு வீடாகச் சென்று, நிலத்துக்கு அடியிலுள்ள கனிப்பொருளை மட்டும் கிரயம் பேசி வாங்கினர். ஏக்கருக்கு அரை டாலர் பெற்றோரும் உண்டு. மேலே உழுது பயிரிடும் உரிமை உழவனுக்கு. கீழேயுள்ளதும் அதை வெட்டியெடுக்கத் தேவைப்படும் எல்லா வழிவகைகளும் நிறுவனத்துக்கு. அகன்ற பத்திரம் என்னும் பொருளில் அவற்றை அழைப்பர். எழுத்தறியாத பலர் கைந்நாட்டிட்டனர். பிக்காசும் கைவண்டியும் கொண்டு சுரங்கம் தோண்டிய காலத்தில் இதனால் பெருங்கேடு இல்லை. ஆனால் நெய்வேலியில் நாம் காண்பதுபோல் மேல்மண்ணை அகற்றித் திறந்தவெளியாகத் தோண்டும் இயந்திரங்கள் வந்தபின், பாட்டனார் போட்ட கையெழுத்தின் பேரில் பேரனுடைய சோளக்கொல்லையும் பழமரங்களும் மலைச்சரிவோடு புரட்டித் தள்ளப்பட்டன. 1965-இல் அடுத்த கவுண்டியில் முதிய கைம்பெண் ஒருவர் தம் நிலத்தில் மண்வாரி இயந்திரத்தின் முன் அமர்ந்துவிட்டார். காவலர் இருவர் அவரைக் கையுங்காலுமாகத் தூக்கிச் சென்ற புகைப்படத்தை நாடே பார்த்தது. கிஷ் தம்பதியரின் பத்திரிகை இத்தோண்டு முறையை ஆண்டுக்கணக்கில் எதிர்த்து எழுதியது. சுரங்க வேலையால் உண்பவர் நிறைந்த ஊரில், சுரங்க முதலாளிகள் வாழும் ஊரில், இருந்துகொண்டு எழுதியது. 1977-இல் நாடு முழுமைக்குமான திறந்தவெளிச் சுரங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1988-இல் கென்டக்கி மக்கள் பெருவாரியாக வாக்களித்து, பழைய பத்திரங்களைக் காட்டி நிலத்துக்குரியவரின் சம்மதமின்றித் திறந்தவெளியாகத் தோண்டலாகாது என்று மாநில அரசியலமைப்பையே திருத்தினார்கள்.

இதற்கிடையே வெளியார் வரத்தொடங்கினர். 1963-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் ஹோமர் பிகார்ட் மலைப்பகுதியின் வறுமையைப் பற்றி எழுதிய கட்டுரை வாஷிங்டன் வரை எட்டியது. 1964-இல் அதிபர் ஜான்சன் வறுமையின் மீது போர் தொடுப்பதாக அறிவித்து, கிழக்குக் கென்டக்கிக்கே நேரில் வந்தார். அவருக்குப் பின்னே புகைப்படக்காரர்கள், திரைப்படக்காரர்கள், ஆராய்ச்சியாளர்கள். வந்தோரில் பலர் மவுண்டன் ஈகிள் அலுவலகத்தின் படியேறி வழி கேட்டனர். தம் மக்களின் துயரம் நாட்டுக்குத் தெரிந்தால் உதவி வரும் என்று தம்பதியர் நம்பினர். உதவியும் ஓரளவு வந்தது. ஆனால் இடிந்த வீடும் அழுக்குப் படிந்த குழந்தை முகமுமே தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப வந்தபோது, மலைமக்களின் நெஞ்சில் வேறொன்றும் வளர்ந்தது.

1967 செப்டம்பரில் கனடா நாட்டுத் திரைப்பட இயக்குநர் ஹியூ ஓ'கானர் என்பவர் லெட்சர் கவுண்டியின் ஜெரமாயா என்ற இடத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியைப் படமெடுத்தார். அத்தொழிலாளி வேலை முடிந்து, கரி படிந்த முகத்தோடு தன் வாடகை வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தார். படமெடுக்க இசைவும் தந்திருந்தார். வீட்டின் சொந்தக்காரர் ஹோபார்ட் ஐசன் துப்பாக்கியோடு வந்து, தம் நிலத்தை விட்டுப் போகச் சொன்னார். கருவிகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் திரும்பிக்கொண்டிருக்கையில் சுட்டார். ஓ'கானர் மாண்டார். முதல் விசாரணையில் நடுவர் குழு ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. பின்னர் ஐசன் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, ஓராண்டே கழித்து வெளிவந்தார். ஊரில் பலர் அவர் பக்கம் இருந்தனர் என்பது வெட்கத்துக்குரிய உண்மை. உயிரைப் பறித்ததை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஊருக்காக எழுத விழைவோர் அந்த ஊராரின் மனத்தையும் புரிந்துகொள்ளாமல் இருக்கலாகாது. வறுமையைவிட, வறுமையைக் காட்சிப்பொருளாக்குவது மனிதனை அதிகம் புண்படுத்தும்.

வெளியிலிருந்து வருபவர் ஒரு நாள் தங்கி, படத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். படத்திலிருப்பவர் அதைப் பார்க்கும்போது அவர் அங்கே இருக்கமாட்டார். டாம் கிஷ் எழுதினாலோ, எழுதப்பட்டவர் வியாழக்கிழமை அதைப் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை அவர் மேசை முன் வந்து நிற்பார். கத்துவார், சில வேளை திருத்துவார், "நீ எழுதியதில் பாதி தவறு, அந்தப் பணம் பாலத்துக்குப் போகவில்லை, பாதைக்குப் போயிற்று" என்பார். இந்த வெள்ளிக்கிழமைக்கு அஞ்சி எழுதுபவன் ஒரு சொல்லுக்கு இருமுறை எண்ணுவான். எண்ணுவது வேறு, விழுங்குவது வேறு. இரண்டுக்கும் நடுவேயுள்ள வரம்பு மயிரிழை போன்றது. அவ்விழையில் ஒவ்வொரு வாரமும் நடக்கவேண்டியிருந்தது.

1974-இல் ஊர்க் காவலர் சிலர் இளைஞர்களிடம் முறைகேடாக நடந்துகொள்வதைப் பத்திரிகை தொடர்ந்து வெளியிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் ஓர் இரவு அலுவலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. கட்டடம் உட்புறம் கரிந்தது. ஊர்க் காவல் துறையைச் சேர்ந்த ஒருவரே இத்தீவைப்பின் பின்னணியில் இருந்தார் என்று பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரிகை ஓர் இதழும் தவறவில்லை. அடுத்த இதழின் தலைப்பில் வாசகம் சற்றே மாறியிருந்தது: 'இன்னும் வீறிடும்!'

இந்த நிகழ்ச்சியே அத்தம்பதியரைப் பற்றி எழுதுவோர் அனைவரும் எடுத்துரைப்பது. நம் இளைஞரும் இந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் தீயை எதிர்கொள்வது ஒரு வாரத்துத் துணிவு. அந்த வாரத்தில் நாடெங்கும் பரிவு கிடைக்கும். தீக்கு முந்திய பதினேழு ஆண்டும் பிந்திய முப்பது ஆண்டும் பள்ளி வாரியக் கூட்டத்தில் போய் உட்கார்ந்ததைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை.

தீக்குப்பின் இரண்டே ஆண்டில், 1976 மார்ச்சு 9-ஆம் நாள், அதே கவுண்டியின் ஓவன் போர்க் என்ற இடத்திலுள்ள ஸ்காட்டியா சுரங்கத்தில் மீத்தேன் வாயு வெடித்துப் பதினைந்து தொழிலாளர் மாண்டனர். இரண்டு நாள் கழித்து, உள்ளே இறங்கியிருந்த வேறொரு குழு மீது மீண்டும் வெடித்தது. மத்திய அரசின் சுரங்க ஆய்வாளர் மூவர் உட்படப் பதினொருவர் மாண்டனர். மொத்தம் இருபத்தாறு உயிர். அடுத்த ஆண்டு, 1977-இல், நாட்டின் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. தொலைவிலுள்ள பத்திரிகைகளுக்கு இருபத்தாறு என்பது ஓர் எண். சுரங்கப் பாதுகாப்பைப் பற்றி நெடுங்காலம் எழுதிவந்த மவுண்டன் ஈகிளுக்கோ, மாண்டவர் பலர் அதன் உட்பக்கங்களில் பிறந்தநாளும் திருமணமும் அச்சேறியிருக்கக் கூடிய அக்கம்பக்கத்துக் குடும்பத்தினர். இத்தகைய பத்திரிகை 'விபத்து' என்ற சொல்லை எளிதில் எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போக இயலாது.

பணத்தால் அவர்கள் செழிக்கவில்லை. குடும்பம் நடத்தப் பத்திரிகை வருமானம் மட்டும் போதாத காலங்கள் இருந்தன. பாட் அம்மையார் ஏழைக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தரும் ஒரு வீட்டு வசதிக் கழகத்தின் பொறுப்பையும் ஏற்று நடத்தினார். செய்தி எழுதுபவர் ஊர்ப்பணியிலும் இறங்கினால் நடுநிலை குன்றும் என்று சிலர் கூறுவர். அது தனியே விவாதிக்க வேண்டிய பொருள், இங்கு வேண்டாம். கென்டக்கிப் பல்கலைக் கழகத்தின் சிற்றூர் இதழியல் நிறுவனம் 2005 முதல் அவ்விருவர் பெயரால் ஒரு பரிசு வழங்கி வருகிறது. முதற் பரிசு அவர்களுக்கே. டாம் கிஷ் 2008 நவம்பரில், தம் 82-ஆம் வயதில் காலமானார். பாட் அம்மையார் 2014-இல் காலமானார். இருவரும் கடைசிவரை ஒயிட்ஸ்பர்க்கை விட்டு நீங்கவில்லை. பத்திரிகைப் பொறுப்பை அவர்கள் மகன் பென் ஏற்றார்.

கதை முடிந்ததும் இளைஞர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஐயா, முகத்தைத் திருப்பிக்கொண்ட நண்பர்கள் திரும்ப வந்தார்களா?" என்று கேட்டார். சிலர் வந்திருப்பார்கள், சிலர் வராமலே இறந்திருப்பார்கள் என்றோம். வேறு எதை அவரிடம் நேர்மையாகச் சொல்ல முடியும்?

அவருடைய மூன்று கேள்விகளுக்கும் விடை சொன்னோம். முதலில் முந்நூறு பிரதி போதும். மிஞ்சிய தாள் மனத்தைத் தளர்த்தும். சந்தாவை மிகக் குறைவாக வைக்க வேண்டாம். இலவசமாக வருவதை ஊர் மதிப்பதில்லை. ஒரே விளம்பரதாரரிடம் பாதிக்கு மேல் பெறவே வேண்டாம். அவர் எவ்வளவு நல்லவரானாலும் வேண்டாம். 1867-ஆம் ஆண்டுப் பழைய சட்டம் போய் 2023-இல் புதிய பத்திரிகைப் பதிவுச் சட்டம் வந்திருப்பதால், பதிவு விவரங்களை முதலிலேயே விசாரித்துக்கொள்ளும்படி கூறினோம். தொகைகளை எழுதும்போது தீர்மான எண்ணையும் தேதியையும் சேர்த்தே எழுதவேண்டும். எவரைப் பற்றிக் குறை எழுதுகிறாரோ அவரை அச்சேறுமுன் நேரில் சென்று கண்டு, அவர் சொல்வதையும் அதே பத்தியில் போடவேண்டும். தவறு நேர்ந்தால் அது வந்த பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் திருத்தம் வரவேண்டும். அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

சென்ற வாரம் முதல் இதழின் மெய்ப்புப் படியோடு மீண்டும் வந்தார். முதற் பக்கத்தில் சாக்கடை ஒப்பந்தம், தீர்மான எண்ணோடு. ஒப்பந்தக்காரரை நேரில் கண்டாராம். முதலில் அவர் கதவைத் திறக்கவில்லை. மறுநாள் தாமே அழைத்து, மழையால் தாமதமானது என்று மூன்று வரி சொன்னாராம். அவையும் இருந்தன. நான்காம் பக்கத்தில், மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த ஒரு சிறுமியின் படம். அவள் அதே ஒப்பந்தக்காரரின் பேத்தி.

"இரண்டும் ஒரே இதழில் வரலாமா, ஐயா? ஒன்றை அடுத்த மாதம் தள்ளிவிடவா?" என்று கேட்டார்.

இரண்டையும் போடும்படி சொன்னோம். படத்தைச் சற்றுப் பெரிதாக்கவும் சொன்னோம். பிள்ளையின் முகம் தெளிவாகத் தெரியவில்லை.